இஸ்திரி போட்ட தும்பை

கரிசல் காட்டுக்கு நடுவே நெடுங்கரிசல் என்று ஓர் ஊர், ஊருக்குக் கிழக்கே ஒரு கல்லூரி, கல்லூரிக்குள் தாவரவியல் துறை என்று ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம், அந்தக் கட்டடத்தில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள் சண்முகக்கனி என்று ஒருத்தி. இஸ்திரிக் கடை இசக்கிமுத்துவின் மகள் என்றால்தான் எங்கள் ஊரில் அவளைத் தெரியும். வெளுத்த துணிகளுக்கு நடுவே பிறந்து, பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டு, தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, போகிற வழியில் வேலியோரம் கிடக்கிற செடிகொடிகளின் பெயர்களையெல்லாம் கண்டவரிடமும் கேட்டு, பதில் தெரியாமல் விழித்தவர்களை ஏளனமாக ஒரு பார்வை பார்த்து வளர்ந்தவள் அவள். அந்தத் திமிர் எங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அது இல்லாமல் இந்தக் கதையும் இல்லை.

தாவரவியல் முதுகலை படிக்கிறவர்கள் கடைசிச் செய்முறைத் தேர்வில் ஹெர்பேரியம் என்று ஒன்று வைக்க வேண்டும். செடியைப் பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அமுக்கி, ஈரம் போகக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் நஞ்சு தடவி, கெட்டி அட்டையில் ஒட்டி, மூலையில் லேபிள் எழுதிக் கொடுப்பது. அவரவர் காடுமேடு அலைந்து சேகரித்தால்தான் மதிப்பெண் என்பது பல்கலைக்கழகத்து விதி. எங்கள் கல்லூரியின் விதி வேறு. சீனியர் வைத்த அட்டைகளை ஜூனியர் வாங்கி, பழைய லேபிளைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டுத் தன் பெயரில் புது லேபிள் ஒட்டுவான், அவனிடமிருந்து அடுத்தவன் வாங்குவான், அவனிடமிருந்து அதற்கடுத்தவன் வாங்குவான், இப்படிக் கைமாறிக் கைமாறி அப்பனைத் தேற்றிவிட்ட நெருஞ்சியே மகனையும் தேற்றிவிட்டதுண்டு. எல்லோருக்கும் தெரிந்த இந்த ரகசியத்தை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. கனி மட்டும் தானே பிடுங்காத செடியைத் தன் செடி என்று சொல்ல மாட்டேன் என்று காட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில், எங்கள் ஊர் மறந்தே போயிருந்த மழை, தன்னை மறந்தவர்களை ஒரு கை பார்க்க வந்ததுபோலப் பெய்யத் தொடங்கி, வெறிக்காமல் பெய்து, கண்மாயை நிரப்பி, சுவரை ஊறவைத்து, கனி பாடுபட்டுச் சேர்த்த செடிகளையெல்லாம் காயவிடாமல் பூசணம் பிடிக்க வைத்தது. கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். இஸ்திரிக் கடைக்காரன் மகள் அதற்கு என்ன செய்வாளோ அதைத்தான் கனி செய்தாள்: புதிதாக ஒரு தும்பைச் செடியைப் பிடுங்கி வந்து, செய்தித்தாளுக்குள் வைத்து மடித்து, அப்பாவின் மேசையில் போட்டு, கனல் நிறைந்த பெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள், பருத்தித் துணிக்குத் தெளித்துத் தெளித்துப் பழகிய கையாதலால், யோசிக்காமல் ஒரு கை தண்ணீரை அதன்மேல் தெளித்துவிட்டுத் தேய்த்தாள். காயவைக்க வேண்டிய செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற தப்பை அந்த வீட்டில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தாளை விரித்தபோது தும்பை தாளைப் போலவே தட்டையாகி, துளிகூட வாடாமல், புதிதாக ஒரு வெள்ளைப் பூவை மலர்த்திக்கொண்டிருந்தது. அந்தப் பூவைத் தேடி மேசைக் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

“சூடு பத்தலையோ தாயி?” என்றார் இசக்கிமுத்து.

“இல்லப்பா, கரி நல்லாத்தான் கெடக்கு.”

அவர் பெட்டியை வாங்கித் தன் கைப்பலத்தையெல்லாம் போட்டு ஓர் இழுப்பு இழுத்தார். தும்பை இன்னொரு பூவைப் பூத்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கிடப்பில் இருந்த வேட்டிகளை எடுத்து வேலையைப் பார்த்தார், கனி அட்டையை எடுத்து லேபிள் எழுத உட்கார்ந்தாள். செடி சாகவில்லை என்பதற்காகத் துணி காத்திருக்குமா?

தும்பைக்குப் பிறகு நெருஞ்சி, நெருஞ்சிக்குப் பிறகு கண்டங்கத்திரி, பிறகு ஆவாரை, எருக்கு, மூக்கிரட்டை, முடக்கத்தான் என்று அவள் தெளித்துத் தேய்த்த எல்லாமே தட்டையாகி உயிரோடு இருந்தன. துறையில் அவளுக்கு வழிகாட்டி எஸ்தர் மேடம். அவர் முதல் அட்டையை வாங்கி, இலையை விரலால் தடவிப் பார்த்து, “கனி, இது காயலையே” என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆச்சரியம். அலமாரியில் அடைத்தால் செடி வெளுக்கும் என்று, ரோட்டைப் பார்த்த வராந்தாச் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். கார்த்திகையில் அட்டைகளின் ஓரத்தைத் தாண்டிக் கொடி எட்டிப் பார்த்தது, மார்கழியில் ஆவாரை மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது, பேருந்துக்கு நிற்கிறவர்கள் வராந்தாவுக்கு வந்து தங்கள் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை அட்டைக்கு ஊற்றிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

ஓர் ஆடு ஒரு நாள் வேலி தாண்டி வந்து, எட்டிய அட்டைகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டு, ஆடுதின்னாப்பாளையை மட்டும் முகர்ந்துவிட்டு விட்டுப்போனது. அந்தச் செடிக்குப் பெயர் வைத்தவர்கள் ஒன்றும் சும்மா வைக்கவில்லை என்று அன்றைக்கு ஊரே ஒப்புக்கொண்டது. மொட்டையான அட்டைகள் பொங்கலுக்குள் துளிர்த்துவிட்டன. துளிர்த்த இலைகளுக்குப் புழு வந்ததும்தான் உண்மையான சிக்கல் வந்தது. புழு விலங்கு, ஆகவே அது எங்களுடையது என்று விலங்கியல் துறைத் தலைவர் கடிதம் எழுத, இலை எங்களுடையது, அதைத் தின்றதற்கு என்ன பதில் என்று தாவரவியல் துறைத் தலைவர் பதில் எழுத, கடைசியில் முதல்வர் இரு தரப்பையும் உட்காரவைத்து, இலை தாவரவியலுக்கு, இலையில் விழுந்த ஓட்டை விலங்கியலுக்கு என்று தீர்ப்புச் சொன்னார். தேனீக்கள் எந்தத் துறையையும் கேட்காமல் விலங்கியல் ஆய்வகத்து மாட்டு எலும்புக்கூட்டின் விலாவுக்குள் கூடு கட்டின. அந்தத் தேனை இரண்டு துறைக்காரர்களும் சண்டையில்லாமல் நக்கினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பூக்கட்டுகிற பெண்கள் மிஞ்சிய மல்லிகையைக் கொண்டுவந்தார்கள், வெற்றிலைக்காரர் ஒரு கவுளி வெற்றிலையைக் கொண்டுவந்தார், கல்யாண வீட்டார் மாலையைக் கழற்றிய சூட்டோடு கொண்டுவந்து தேய்த்து வாங்கிப்போய் நடுவீட்டில் மாட்டினார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் மாலை வாடுகிறதா என்று மாமியார்கள் தினமும் போய்ப் பார்த்தார்கள், வாடவில்லை என்பதில் அவர்களுக்கு ஏமாற்றம்தான். கட்சிக்காரர்கள் தலைவருக்குப் போட்ட ஆளுயர மாலையைக் கொண்டுவந்து, தலைவர் கட்சி மாறிய பிறகும் அது பூத்துக்கொண்டே இருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். அதுவரை ரோட்டில் நின்று “ஏலே இசக்கி” என்று கூப்பிட்டுத் துணி மூட்டையை வாசலில் வீசிவிட்டுப் போனவர்கள், இப்போது கையில் பூவோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “அண்ணாச்சி இருக்காகளா?” என்று கேட்டு, கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். செடி சாகாமல் இருந்ததைவிட எனக்கு இதுதான் அதிசயமாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, ஒரு தும்பை பூக்க வேண்டியிருந்ததா அதற்கு என்று.

மாசி பிறந்ததும் மேற்கே மலையடிவாரத்திலுள்ள ஒரு வன ஆய்வு நிலையத்திலிருந்து கனிக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவள் நேர்காணலுக்குப் போய்வந்த இடம் அது. ஆய்வு உதவியாளர் வேலை அவளுக்குத்தான், ஆனால் ஆனி பிறப்பதற்குள் எம்.எஸ்ஸி. தேறிய சான்றோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். காடு முழுக்க, ஊர்க்காரர்கள் யாரும் பெயர் சொல்லித் தர முடியாத செடிகள்! கனிக்கு அந்த வேலை வேண்டும். சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதுபோல வேண்டும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

எஸ்தர் மேடம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“சித்திரையில எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா வர்றது வைத்தியலிங்கம் சார். விதின்னா விதி அவருக்கு. ஹெர்பேரியம்னா காய்ஞ்சிருக்கணும். இந்தத் தோட்டத்தைக் கொண்டுபோய் வச்சா சைபர் போட்டுட்டுப் போயிருவார். செய்முறையில போனா ஒரு வருஷம் போச்சு கனி.”

“என்ன செய்யச் சொல்றீங்க மேடம்?”

“போன வருஷத்து செட் ஒண்ணு என் அலமாரியில இருக்கு. லேபிளை மாத்திக்க. நானும் அப்படித்தான் பாஸ் பண்ணேன். தங்கமான பொண்ணு நீ, இதுல போய் வீம்பு பிடிக்காதே.”

கனி அன்றைக்கு வீம்பு பிடிக்கவில்லை. அந்த அட்டைக் கட்டை வாங்கி, சேலைகள் அடுக்கிய மரப்பெட்டிமேல் வைத்து, புது லேபிள்களையும் வெட்டி வைத்தாள். இசக்கிமுத்து பார்த்துவிட்டு, “செத்ததைத்தான் கேக்காங்கன்னா செத்ததையே குடுத்துட்டு வா தாயி. நீ காட்டுக்குப் போவணும், அதுதான் முக்கியம்” என்றார். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மறுநாள் காலையில் பஞ்சாலைக்குப் போகிற அந்தோணியம்மாள் வந்தாள். முந்தின வருஷம் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சருகாய்ப் போன கனகாம்பரச் சரம் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“கடைசியா அவ தலையில இருந்தது தாயி. ஒரு தேய்ப்புத் தேய்ச்சுக் குடு.”

“அக்கா, உயிரோட வர்றதுதான் உயிரோட இருக்கு. செத்தது எந்திரிக்காதுக்கா.”

“தேய்ச்சுப் பாத்துட்டுச் சொல்லு.”

கனி தாளில் வைத்து மடித்தாள், தண்ணீர் தெளித்தாள், மெதுவாகத் தேய்த்தாள். விரித்தபோது சிவப்புப் பொடிதான் இருந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணியம்மாள் அழவில்லை, பொடியை விரலால் கூட்டி, திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் இறங்கியவள் நின்று திரும்பினாள்.

“பக்கத்துலயே கூடை நெறயக் கனகாம்பரம் இருக்கு. நீ அதுல ஒண்ண மாத்தி வச்சு ‘இந்தா பூத்துட்டுக்கா’ன்னு குடுத்திருந்தா நான் நம்பியிருப்பேன் தாயி. காலம்பூரா நம்பியிருப்பேன். நீ அதைச் செய்யல பாரு.”

அவள் போன பிறகு கனி மரப்பெட்டிமேலிருந்த அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய், எஸ்தர் மேடத்தின் அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “என் செடியவே வைக்கேன் மேடம்” என்றாள். மேடம் பெருமூச்சோடு அலமாரியைப் பூட்டினார்.

சித்திரை வெயிலில் வந்தார் வைத்தியலிங்கம். ஒல்லியான, மடிப்புக் கலையாத சட்டை போட்ட, சிரிப்பதற்கும் முன்அனுமதி வேண்டும் என்று நினைக்கிறவர் போன்ற மனிதர். தேர்வுக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. பூக்காரப் பெண்கள், வெற்றிலைக்காரர், மாலைக்குச் சொந்தக்காரர்களான புது மாப்பிள்ளைகள், பெட்டியை அணைக்காமலே ஓடிவந்த இசக்கிமுத்து. பரீட்சை என்பதால் யாரும் சத்தம் போடவில்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன, ஆகவே எல்லாம் கேட்டது.

கனிக்கு முந்தின எண் ராஜபாண்டி என்கிற பையனுடையது. அவன் நீட்டிய அட்டையைத் தேர்வாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன?”

“தும்பை சார்.”

“எங்கே தும்பை?”

ராஜபாண்டி எட்டிப் பார்த்தான். பல கைகள் பட்டுப் பட்டு, எந்த வருஷமோ செடி உதிர்ந்து விழுந்துவிட்டிருந்தது. அட்டையில் செடியின் வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டும் இருந்தது. கீழே லேபிள் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்தக் கறையை எத்தனை தேர்வாளர்கள் தும்பையென்று ஏற்று மதிப்பெண் போட்டார்களோ, எத்தனை பேர் அந்தக் கறையைக் காட்டி வாத்தியாராகவும் அதிகாரியாகவும் ஆனார்களோ! வைத்தியலிங்கம் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு கனி தன் அட்டைகளைக் கொண்டுவந்தாள். எருக்கை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. மேசைமேல் வைத்ததும் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் கூடவே வந்து உட்கார்ந்தன.

“இது ஹெர்பேரியம் இல்லை, இது தோட்டம்” என்றார் தேர்வாளர்.

“தோட்டத்துல லேபிள் இருக்காது சார்.”

அவருக்கு முகம் சுருங்கியது. பையிலிருந்து நஞ்சுக் குப்பியை எடுத்து, தூரிகையில் தொட்டு, எருக்கின் தண்டில் தானே தடவினார். பூச்சி அரிக்காமலிருக்க எல்லா அட்டைக்கும் தடவுகிற நஞ்சுதான், பச்சையாக எதன்மேல் பட்டாலும் பட்டது கருகிவிடும். எருக்கு அதை உறிஞ்சிக்கொண்டு, ஒரு மொட்டை விரித்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குப்பியை மூடினார்.

“எருக்கோட மகரந்தத் திரளைப் பிரிச்சு ஸ்லைடு போட்டுக் காட்டும்மா.”

மற்ற பிள்ளைகளுக்கு வாடி வதங்கிய பூவைக் கொடுத்து அவர் கேட்கிற கேள்விதான் அது. கனி தன் அட்டையிலிருந்தே ஒரு பூவைக் கிள்ளினாள். தாளை விட்டு வந்ததும் அது உருண்டு திரண்டு முழுப் பூவாகி அவள் உள்ளங்கையில் நின்றது. ஊசியால் நடு மகுடத்தைப் பிளந்து, இரண்டு மஞ்சள் பைகளும் ஒரே காம்பில் தொங்க, கிழியாமல் எடுத்து, கண்ணாடியில் வைத்து, நுண்ணோக்கியைத் திருகி, விலகி நின்றாள். வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார். நிமிர மனமில்லாமல் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“வேலை சுத்தமா இருக்கு. ஆனா விதி விதிதானம்மா. ஹெர்பேரியத்துல செடி செத்திருக்கணும்.”

வெளியே இசக்கிமுத்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரம், அந்தக் காடு, பெயர் தெரியாத செடிகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விடும் என்று கனிக்குத் தெரிந்தது. பயந்தாள். பயந்தபடியே அவள் அட்டையின் மூலையை அவர் பக்கம் திருப்பினாள்.

“சார், இந்த லேபிள் பல்கலைக்கழகம் அச்சடிச்சுக் குடுத்தது. செடியோட பேரு கேட்டிருக்காங்க, எழுதியிருக்கேன். குடும்பம் எழுதியிருக்கேன். எடுத்த இடம், எடுத்த தேதி, எடுத்தவ பேரு எல்லாம் எழுதியிருக்கேன். எல்லாமே நெசம், எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். செத்த தேதின்னு ஒரு கட்டம் இருந்தாக் காட்டுங்க சார். நிரப்பித் தாரேன்.”

வைத்தியலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேபிளை மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். கவிழ்த்து வைத்திருந்த கறையை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக விதியைப் படித்தவர். அந்த விதியில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

பேனாவைத் திறந்து லேபிளில் எழுதப் போனார். எருக்கின் இலை ஒன்று அதற்குள் வளர்ந்து லேபிளை மூடிவிட்டது. விலக்கினார், திரும்ப வந்து படுத்துக்கொண்டது. மறுபடி விலக்கினார், மறுபடி வந்தது. அவர் அலுத்துப்போய் அந்த இலைமேலேயே, சாம்பல் பூத்த அந்த அகன்ற இலைமேல், பச்சை மையில் மதிப்பெண் போட்டு, அதன்கீழ் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்து, “அடுத்த நம்பர்” என்றார்.

அட்டைகள் திரும்பவும் வராந்தாவில் ஏறின. இலை வளர வளர எழுத்தும் வளர்ந்தது. வைகாசியில் இலை முறம் அளவு ஆனபோது மதிப்பெண்ணை வாசலில் நின்று படிக்க முடிந்தது, தேர்வு முடிவு வந்தபோது இலை கதவு அளவு ஆகிவிட்டிருந்ததால், ஏற்கெனவே ஊரே படித்து முடித்திருந்த முடிவைப் பல்கலைக்கழகம் தாமதமாகத்தான் வெளியிட்டது.

ஆனி பிறக்குமுன் ஒரு காலையில், சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாகக் கனி மேற்கே போகிற பேருந்தில் ஏறினாள். கொண்டுவிட இசக்கிமுத்தும் கூட வந்தார். கல்லூரியைத் தாண்டும்போது ஓட்டுநர் எப்போதும்போல வேகத்தைக் குறைக்க, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். இசக்கிமுத்து, யாருடைய துணி என்று காட்டுகிற துணிக்குறி தவிர வேறெதையும் அதிகம் படித்தவரில்லை. ஆனால் அந்த எழுத்துகள் அவர் கையகலம் இருந்தன. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

“சரி... பார்த்தேன்... உயிரோடு... இருக்கிறது.” மகள் பக்கம் திரும்பினார். “யாரைச் சொல்லுதாவ தாயி? செடியையா, ஒன்னையா?”

“செடியத்தாம்ப்பா” என்றாள் கனி. “என்னைய யாரும் சரிபார்க்க வேண்டாம்.”